நாடு பட்ட கடனும் நியூயார்க் தீர்ப்பும்

கடன் என்பது நம் சங்கத்து அங்கத்தினர்களுக்கு அறிமுகம் வேண்டாத பொருள். நூலுக்குக் கடன், விதைக்குக் கடன், தறிக்குக் கடன், கிணற்றுக்குக் கடன் என்று ஆண்டு முழுதும் அதனோடு பழகி வருகிறோம். மழை பொய்த்தாலும், நெய்த துணி விலைபோகாமல் தேங்கினாலும் தவணை தவறுவதுண்டு; தவணையை நீட்டித் தர நிர்வாகக் குழு கூடிப் பேசுவதும் உண்டு. ஒரு நாடே கடன்பட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டால் யார் கூடிப் பேசுவார்கள்? எந்தச் சட்டத்தின்படி வழக்கைத் தீர்ப்பார்கள்? 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் தன் அயல்நாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திவைத்ததிலிருந்து இக்கேள்வி நம் பக்கத்திலும் எழுந்த வண்ணம் இருக்கிறது. இதற்கு விடை காண விரும்புவோர் முதலில் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவின் கதையை அறிய வேண்டும். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்த அவ்வழக்கைப் போல் இவ்விஷயத்தை விளக்கிக் காட்டுவது வேறொன்றில்லை.

2012-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் 'லிபர்த்தாத்' என்னும் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. மூன்று பாய்மரங்களைக் கொண்ட அழகிய கப்பல் அது. அர்ஜென்டினாக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளிப்பதே அதன் தொழில். நல்லெண்ணப் பயணமாக வந்த அக்கப்பல் துறையை விட்டு நகரலாகாது என்று கானா நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. உத்தரவு பெற்றவர் ஓர் அரசாங்கத்தார் அல்லர். அன்று நியூயார்க்கிலிருந்த எலியட் என்னும் முதலீட்டுக் குழுமத்தைச் சேர்ந்த என்.எம்.எல். கேப்பிட்டல் என்னும் தனியார் நிறுவனமே வழக்கிட்டது. அர்ஜென்டினா தனக்கு 37 கோடி டாலர் பாக்கி வைத்திருப்பதாகவும், அதன் சொத்து எங்குக் கண்டாலும் பற்றிக்கொள்ளத் தனக்கு உரிமையுண்டு என்றும் அது வாதித்தது. கப்பலை மீட்க வேண்டுமானால் 2 கோடி டாலர் ஜாமீன் கட்ட வேண்டும் என்றனர். அர்ஜென்டினா ஒரு காசும் கட்ட மறுத்தது.

கப்பலில் ஏறக்குறைய முந்நூறு பேர் இருந்தனர். பெரும்பாலோர் விமானம் ஏறி ஊர் திரும்பினர். தலைவரும் சில மாலுமிகளும் மட்டும் கப்பலைக் காத்து நின்றனர். நவம்பரில் துறைமுக அதிகாரிகள் அதை வேறு துறைக்கு நகர்த்த முயன்றபோது, காவலிருந்த மாலுமிகள் ஆயுதங்களைக் காட்டித் தடுத்தனர். முடிவில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றம், போர்க்கப்பலைப் பிற நாட்டு நீதிமன்றம் பற்றுதல் கூடாது என்று கூறி, டிசம்பர் 15 அன்று ஒருமனதாக விடுதலை அளித்தது. 2013 ஜனவரி 9 அன்று கப்பல் மார் தெல் பிளாத்தா துறையை அடைந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றனர்.

வாசலில் கட்டிய மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும் கடன்காரரை நம் கிராமங்கள் கண்டதுண்டு. ஒரு நாட்டின் கடற்படைக் கப்பலையே அவ்வாறு அவிழ்க்க முயன்றது அபூர்வந்தான். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1902-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆகிய மூன்று வல்லரசுகள், வெனிசுவேலா கடன் பாக்கி வைத்தது என்பதற்காகத் தம் போர்க்கப்பல்களை அனுப்பி அந்நாட்டுத் துறைமுகங்களை முற்றுகையிட்டன. அப்போது எதிர்க்குரல் எழுப்பியவர் அர்ஜென்டினாவின் அயல்நாட்டு மந்திரி லூயிஸ் மரியா திராகோ. ஓர் அரசாங்கத்தின் கடனைப் படைபலத்தால் வசூலிக்கலாகாது என்னும் அவர் கொள்கை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. போர்க்கப்பலைக் கொண்டு கடன் வசூலிக்கலாகாது என்று சொன்ன நாட்டின் போர்க்கப்பலையே, நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின் கடனுக்காகப் பற்ற வந்தார்கள்.

இனி, இக்கடன் வந்த வழியைச் சொல்லுவோம். 1976 முதல் 1983 வரை அந்நாட்டை ஆண்ட இராணுவ ஆட்சியில் அயல்நாட்டுக் கடன் பல மடங்கு பெருகிற்று. பின்வந்த குடியாட்சிகள் அச்சுமையைத் தலைமேல் ஏற்றன. விலைவாசி தறிகெட்டு ஏறிய காரணத்தால், 1991-இல் ஒரு பேசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டம் செய்து நாணய மதிப்பைக் கட்டிப்போட்டனர். விலைவாசி அடங்கியது உண்மை. ஆனால் அயல்நாட்டுச் சரக்கு மலிந்தது. உள்நாட்டு ஆலைகளின் சரக்கு விலைபோகவில்லை. பற்றாக்குறையை நிரப்பக் கடன், கடனுக்கு வட்டி கட்ட மீண்டும் கடன் என்று பத்தாண்டு ஓடியது. உலகச் சந்தையில் கடன் தருவோரும் தயங்கவில்லை. வட்டி மிகுதி என்பதனால் விரும்பியே கொடுத்தார்கள். வட்டி மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் ஆபத்தும் மிகுதி என்பதை நம் சங்கக் கணக்கரும் அறிவார். ஆகவே கடன் கொடுத்தோர் ஒன்றும் அறியாதவர்கள் என்று நாம் இரங்க வேண்டியதில்லை.

2001 டிசம்பரில் கட்டு அறுந்தது. வங்கியில் போட்ட சொந்தப் பணத்திலிருந்து வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்கலாகாது என்று அரசாங்கம் தடை விதித்தது. மக்கள் பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டு தெருவில் இறங்கினர். கலகத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஜனாதிபதி தெலா ருவா டிசம்பர் 20 அன்று பதவி துறந்து ஹெலிகாப்டரில் மாளிகையை விட்டு அகன்றார். அடுத்து வந்தவர், கடனைச் செலுத்துவது நிறுத்தப்படும் என்று சில நாட்களிலேயே அறிவித்தார். நின்றுபோன கடன் பத்திரங்களின் முதல் மட்டும் 8,000 கோடி டாலருக்கு மேல். 2002-இல் உழைக்கும் மக்களில் ஐவருக்கு ஒருவர்க்கு மேல் வேலையற்றிருந்தனர். மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டனர்.

இவ்விடத்தில் நெசவாளர்களான நமக்கு அக்கறை தரும் ஒரு செய்தியைக் கூறாமல் மேற்செல்ல மனமில்லை. பியூனஸ் அயர்ஸ் நகரில் புரூக்மான் என்னும் ஆடவர் உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றிருந்தது. கூலி பாக்கி நின்று, 2001 டிசம்பர் 18 அன்று முதலாளிகள் இல்லாத நிலையில், தொழிலாளர்கள் வீடு திரும்பாமல் ஆலைக்குள்ளேயே தங்கிவிட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தையல் வேலை செய்யும் பெண்கள். பின்னர் தாங்களே இயந்திரங்களை ஓட்டி, உடை தைத்து விற்று, வருவாயைப் பகிர்ந்துகொண்டனர். 2003 ஏப்ரலில் போலீசார் அவர்களை வெளியேற்றினர். எனினும் அதே ஆண்டு அக்டோபரில் நகரச் சட்டசபை ஆலையைக் கையகப்படுத்தித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்தது. அச்சங்கம் 'டிசம்பர் 18' என்றே பெயர் சூடிக்கொண்டது. ஓடு செய்யும் ஆலை, அச்சகம், உணவுவிடுதி என இவ்வாறு தொழிலாளர் கைக்கு வந்த நிறுவனங்கள் அந்நாட்டில் பல.

நாட்டின் கடன் அவ்வளவு எளிதில் கை மாறவில்லை. 2005-இல் நெஸ்தோர் கிர்ச்னர் ஜனாதிபதியாயிருந்தபோது அரசாங்கம் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தது. பழைய பத்திரத்தைக் கொடுத்துப் புதிய பத்திரம் பெறலாம். அதன் மதிப்பு, தோராயமாக, டாலருக்கு முப்பது காசு. நாட்டின் விளைவும் வருவாயும் உயர்ந்தால் கூடுதலாக ஒரு தொகை உண்டு. கடினமான பேரந்தான். ஆயினும் கடன் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 76 பங்கினர் ஏற்றனர். 2010-இல் மீண்டும் வாய்ப்பளித்தபோது ஏற்றோர் பங்கு நூற்றுக்கு 92-க்கு மேல் ஆயிற்று. ஊரார் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட வழக்கு முடிந்தது என்றே நாம் எண்ணுவோம்.

முடியவில்லை. எஞ்சிய சிலர் உடன்பட மறுத்தனர். அவர்களை இரு பிரிவாகக் காண வேண்டும். ஒரு பிரிவினர் சிறு சேமிப்பாளர்கள். இத்தாலியில் மட்டும் இலட்சக்கணக்கான குடும்பங்கள், ஓய்வூதியக்காரர் உள்பட, வங்கிகளின் பேச்சை நம்பி அர்ஜென்டினாப் பத்திரங்களை முழு விலைக்கு வாங்கி வைத்திருந்தனர். மற்றொரு பிரிவினர், நாடு நொடித்த பிறகு அடிமாட்டு விலைக்குப் பத்திரங்களை வாங்கி, முழு முதலையும் வட்டியையும் கேட்டு வழக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள். பிணந்தின்னிக் கழுகு நிதிகள் என்று அவர்களுக்குப் பெயர். எலியட் குழுமம் இத்தொழிலில் முன்பே தேர்ந்தது. 1996-இல் பெரு நாட்டின் பழைய கடன்களைச் சுமார் 1.14 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2000-இல் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்தின் வாயிலாகப் பெருவின் வட்டிப் பணத்தை வழிமறித்து, ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் பெற்றது.

இங்ஙனம் ஒரு சிலர் விலகி நின்று முழுத் தொகை பெறக் கூடுமானால், விட்டுக் கொடுத்தவன் ஏன் விட்டுக் கொடுக்க வேண்டும்? இதுதான் இப்பிரச்சினையின் உயிர்நிலை. நம் நாட்டில் வியாபாரி ஒருவன் நொடித்தால் திவால் சட்டம் இருக்கிறது. இருப்பதைத் திரட்டி எல்லாக் கடன்காரருக்கும் விகிதப்படி பங்கிட நீதிமன்றம் இருக்கிறது. 1938-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தின்படி, வட்டியும் முதலுமாக, பட்ட முதலின் இரு மடங்கு செலுத்திய விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்பட்டது. லேவாதேவிக்காரர் எவரும் 'எனக்குச் சம்மதமில்லை' என்று விலகி நிற்க இயலாது. நாடுகளுக்கு இத்தகைய சட்டம் கிடையாது. 2001 நவம்பரில் சர்வதேச நிதி நிறுவனத்தின் துணைத் தலைமை நிர்வாகி ஆன் குரூகர் அம்மையார், நாடுகளுக்கும் திவால் நடைமுறை போன்றதொன்று வேண்டும் என்று திட்டம் வகுத்துக் கொடுத்தார். அமெரிக்க அரசாங்கம் ஆதரிக்காமையால் 2003-இல் அத்திட்டம் மூலையில் வைக்கப்பட்டது.

சட்டம் இல்லாவிட்டாலும் மனமிருந்தால் வழியுண்டு என்பதற்குச் சான்று 1953-இல் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால், மேற்கு ஜெர்மனியின் இரண்டு மகா யுத்தங்களுக்கு இடையிலும் பின்னரும் ஏற்பட்ட கடன்களில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடியாயிற்று. மீதியைக் கட்டப் பல ஆண்டுத் தவணை, வட்டியும் குறைவு. ஜெர்மனி தன் சரக்கை விற்றுச் சம்பாதித்தே கடனைக் கட்ட வேண்டும், கட்டுவதற்காகப் பட்டினி கிடக்கலாகாது என்பதே அதன் உட்கருத்து. கையெழுத்திட்ட கடன்காரர்களில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் மட்டுமல்ல, கிரீசும் பாகிஸ்தானும் இருந்தன. அன்று சிலோன் என வழங்கிய இலங்கையும் இருந்தது. ஜெர்மனிக்கு இத்தனை தயவு கிடைத்தது கருணையால் மட்டும் அன்று. சோவியத் அணிக்கு எதிரில் வலிய ஜெர்மனி ஒன்று நிற்க வேண்டும் என்று அன்று வல்லரசுகள் விரும்பின. அர்ஜென்டினா வலிமையுற வேண்டும் என்று விரும்புவார் எவருமிலர்.

ஆகவே வழக்கு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அர்ஜென்டினாவே தன் பத்திரங்களில் நியூயார்க் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்திருந்தது. அவ்வாறு எழுதாவிட்டால் வாங்குவாரில்லை. நீதிபதி தாமஸ் கிரீசா பழைய பத்திரத்தில் இருந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டார். இக்கடன் மற்றக் கடன்களோடு சரிசமமாக நடத்தப்படும் என்பதே அவ்வாசகம். 2012-இல் அவர் அதற்குச் சொன்ன பொருள் இது: சமரசத்தை ஏற்றவர்க்கு வாக்களித்த வட்டியைக் கொடுக்கும்போதெல்லாம், ஏற்காதவர்க்கு அவர்கள் கேட்கும் தொகை முழுவதையும், சுமார் 133 கோடி டாலரை, உடன் கொடுக்க வேண்டும், அது கொடுக்கப்படும் வரை எந்த வங்கியும் முன்னவர்க்குப் பணத்தைச் சேர்ப்பிக்கலாகாது. டாலருக்கு முப்பது காசு பெற ஒப்பியவனும், ஒப்பாமல் நூறு காசும் வட்டியும் கேட்பவனும் இவ்விதம் 'சரிசமம்' ஆனார்கள்! சமம் என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை நாம் இதனால் அறிந்தோம்.

அர்ஜென்டினாவுக்கு மற்றொரு கட்டும் இருந்தது. 2014 டிசம்பர் இறுதிக்குள் எவருக்கேனும் தானாக முன்வந்து கூடுதல் தொகை கொடுத்தால், அதே சலுகையைச் சமரசத்தை ஏற்ற அனைவருக்கும் கொடுக்க வேண்டும் என்று புதிய பத்திரத்தில் எழுதியிருந்தது. கழுகு நிதிகளுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பர். கொடாவிட்டால் எவருக்குமே பணம் போய்ச் சேராது. 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. அம்மாதமே அர்ஜென்டினா சமரசக்காரர்களுக்குரிய 53.9 கோடி டாலரை நியூயார்க் வங்கியில் கட்டியது. பணம் வங்கியிலேயே நின்றுவிட்டது. ஜூலை 30 அன்று தவணைக் கெடு முடிந்து, கையில் பணம் வைத்துக்கொண்டே நாடு மீண்டும் தவணை தவறியதாக அறிவிக்கப்பட்டது.

இது கண்ட பல நாடுகள் கலங்கின. 2014 செப்டம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை, நாடுகளின் கடனைச் சீரமைக்கச் சர்வதேசச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று 124 வாக்குகளால் தீர்மானித்தது, எதிர்ப்பு 11. 2015 செப்டம்பரில் ஒன்பது கொள்கைகளை 136 நாடுகள் ஏற்றன. எதிர்த்த ஆறு நாடுகள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான், கனடா, இஸ்ரேல், ஜெர்மனி. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பாதிக் கடன் தள்ளுபடி பெற்ற ஜெர்மனியையும் அப்பட்டியலில் காண்கிறோம். இத்தீர்மானங்கள் எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்துவன அல்ல.

2015 டிசம்பரில் பதவியேற்ற ஜனாதிபதி மக்ரி, வழக்கைப் பணம் கொடுத்தே முடிப்பது என்று தீர்மானித்தார். 2016 பிப்ரவரியில் இரு உடன்பாடுகள் ஏற்பட்டன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தல் நலம். சுமார் 50,000 இத்தாலியச் சிறு சேமிப்பாளர்களுக்கு 135 கோடி டாலர். அதாவது, அவர்கள் போட்ட முதலுக்கு ஒன்றரை மடங்கு. பதினான்கு ஆண்டு காத்திருந்த வட்டி அவ்வளவே. எலியட் உள்ளிட்ட நான்கு பெரு நிதிகளுக்கு 465 கோடி டாலர். அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்க்கு அது பல மடங்கு இலாபம். 2005-இலேயே ஊரோடு ஒத்துப்போன ஏனைய இத்தாலியக் குடும்பங்களுக்கோ அந்த முப்பது காசே கணக்கு. இவற்றைக் கொடுக்க ஏப்ரலில் 1,650 கோடி டாலருக்குப் புதிய கடன் பத்திரம் விற்றனர். கடனைத் தீர்க்கக் கடன்!

அர்ஜென்டினா ஆட்சியாளர்களை நாம் குற்றமற்றவர் என்று கூற வரவில்லை. கடன் வாசல் திறந்ததும் அவர்கள் மீண்டும் பழைய வழியே சென்றார்கள். 2017-இல் நூறாண்டுத் தவணைப் பத்திரம் விற்றார்கள். 2018-இல் சர்வதேச நிதி நிறுவனம், தன் வரலாற்றிலேயே அதுவரை எவருக்கும் வழங்காத அளவில், 5,700 கோடி டாலர் வரை கடன் தர இசைந்தது. 2020 மே மாதம் நாடு மீண்டும் தவணை தவறியது. ஆயினும் இம்முறை சுமார் 6,500 கோடி டாலர் கடன் ஆகஸ்டு மாதத்துக்குள்ளாகவே, அநேகமாக எல்லோரும் உடன்படத் தீர்க்கப்பட்டது.

பத்திரங்களின் வாசகம் மாறியிருந்ததே அதற்குக் காரணம். குறித்த அளவு பெரும்பான்மையோர் ஏற்ற ஏற்பாடு எஞ்சியோரையும் கட்டும் என்னும் விதியை நாடுகள் இப்போது பத்திரத்திலேயே எழுதிவிடுகின்றன. நம் பொதுச்சபையில் கையுயர்த்தி நிறைவேற்றும் தீர்மானத்தை ஒத்தது என்று அங்கத்தினர் எண்ணலாம். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றே. அங்கோ பணத்துக்கு வாக்கு. நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் பத்திரங்களை ஒருவரே வாங்கிவிட்டால், பெரும்பான்மை கூடவொட்டாமல் தடுத்துவிடலாம்.

இலங்கை விஷயத்தில் அதுவே நடந்தது. 2022 ஜூலையில் தவணை முடியவிருந்த 100 கோடி டாலர் பத்திர வரிசை ஒன்றில், கால் பங்குக்கு மேல், 25 கோடி டாலருக்கு மேற்பட்ட பத்திரங்களை, நெவிஸ் தீவிலுள்ள ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்னும் சிறு வங்கி வைத்திருந்தது. 2022 ஜூனிலேயே அது முழுத் தொகையும் கேட்டு நியூயார்க்கில் வழக்கிட்டது. இம்முறை அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய அரசாங்கங்களே வழக்கை நிறுத்திவைக்குமாறு இலங்கைக்கு ஆதரவாக எழுதின. 2023 நவம்பரில் நீதிபதியும் அதற்கு இசைந்தார். 2024 டிசம்பரில் சுமார் 1,255 கோடி டாலர் பத்திரங்களைப் புதியனவாக மாற்ற இலங்கை அழைத்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கினர் உடன்பட்டனர். ஹாமில்டன் வங்கி அந்த ஏற்பாட்டில் சேரவில்லை.